கறிவேப்பிலையில் ஒரு மருத்துவர்
திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் மூலிகை விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு யோஹான் கெர்ஹார்ட் கோனிக் நினைவு வரும். 1728-இல் லிவோனியாவில் பிறந்த ஜெர்மானியர், தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர். 1768-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக வந்தார். ஊர் ஊராகச் செடி சேகரிக்க அந்தச் சம்பளம் போதவில்லை. 1774-இல், அன்று இந்தத் திருவண்ணாமலையையும் ஆண்ட ஆற்காடு நவாபிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1785-இல் காக்கிநாடா அருகே சீதபேதியில் இறந்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரான முர்ராயா கோனிகியில் இருப்பது அவர் பெயர்தான். தகுதியான மரியாதை. ஆனால், இலையைக் கசக்கி முகர்ந்தே அதன் குணம் சொல்லும் நம் மூலிகைக்காரர்களின் பெயரை எத்தனை செடிகளுக்கு வைத்திருக்கிறோம்? அவர்கள் சொல்வதை, சொன்னவர் பெயரோடு, இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி உடனே பதிவு செய்யத் தொடங்க வேண்டும்.