கடலைப் பொட்டலத்தில் ஒரு குதிரை வீரன்

இந்தக் கோடை லீவுக்குப் பேரன் ராஜபாளையம் வந்திருந்தான். வயசு ஒன்பது. தட்டுக்கு முன்னால் செல்போன் ஓடினால்தான் வாய் திறக்கிறது. "நான் என்ன செய்யட்டும் அத்தை, இல்லாட்டி ஒரு வாய்கூட இறங்கலையே" என்கிறாள் மருமகள், பாவம். நான் பதில் பேசவில்லை. குழந்தை வளர்ப்பைப் பற்றிப் புத்தி சொல்ல வாய் வரும்போதெல்லாம், 1988-ல் இதே வீட்டில் நான் செய்த ஒரு காரியம் ஞாபகத்துக்கு வந்து வாயை அடைத்துவிடும்.

அதைச் சொல்வதற்கு முன்னால், சகோதரிகளே, குதிரைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். 1972-ல் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பிக்குப் பதினோரு வயசு. அந்த வருஷம்தான் பக்கத்துச் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தது. இரும்புக்கை மாயாவிதான் முதல் புத்தகம். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் கையை இரும்பாக்கிக்கொண்டு திரிந்தார்கள். அதே வருஷம் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' படமும் வந்தது. கேமராமேன் கர்ணனே டைரக்ட் செய்த படம். தொப்பி, பூட்ஸ், இடுப்பில் துப்பாக்கி, புழுதி பறக்கக் குதிரை. தம்பி என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தான். கௌபாய் என்றால் மாடு மேய்க்கிறவன் என்று அவன் வந்து விளக்கியதும் அம்மா கேட்டாளே ஒரு கேள்வி: "மாடு மேய்க்கிறவனுக்கு எதுக்குடா துப்பாக்கி? கம்பு போதாதா?" அதற்கு இன்றுவரை யாரும் சரியான பதில் சொல்லவில்லை! மறுநாள் கிணற்றுத் தாம்புக்கயிறு திண்ணைத் தூணில் சுருக்குப் போட்டுத் தொங்கியது. தூண்தான் காளை.

அமெரிக்காவில் இந்தக் குதிரைக் கதைகளை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டெலிவிஷனில் பார்த்திருக்கிறார்கள். 'பொனான்ஸா' என்று ஒரு தொடர், 1959 முதல் 1973 வரை ஓடியது. மனைவியை இழந்த ஒரு அப்பாவும் மூன்று மகன்களும் பண்ணை நடத்துகிற கதை. 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி' என்று இன்னொன்று, 1974 முதல் 1983 வரை. லாரா இங்கல்ஸ் வைல்டர் என்கிற அம்மாள் தன் சின்ன வயசு வாழ்க்கையைக் கதையாக எழுதிய புத்தகங்களிலிருந்து எடுத்தது. அதில் துப்பாக்கியைவிட ரொட்டி சுடுவதும் துணி தைப்பதும்தான் அதிகமாம். லாராவின் அக்கா மேரிக்குக் காய்ச்சலில் கண் போய்விடும். ஸ்கார்லெட் காய்ச்சல் என்று புத்தகத்தில் இருக்கிறது. பழைய கடிதங்களையும் பத்திரிகைகளையும் தேடிப் பார்த்த டாக்டர்கள், அது மூளையைத் தாக்கும் வைரஸ் காய்ச்சலாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று 2013-ல் எழுதினார்கள். குழந்தைக்குக் கடும் காய்ச்சலோடு தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு இருந்தால் கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

நான் இந்தத் தொடர்களை எங்கள் வீட்டு டெலிவிஷனில் பார்த்ததில்லை. சென்னைக்கு 1975-லேயே டெலிவிஷன் வந்துவிட்டது. எங்கள் பக்கம் வந்து சேர அதற்குமேல் பல வருஷம் ஆயிற்று. அமெரிக்கக் குதிரை எங்கள் ஊருக்குக் காகிதத்தில்தான் வந்தது, அதுவும் சிவகாசி அச்சில்.

கல்யாணமாகி ராஜபாளையம் வந்தேன். மூத்தவன் பிறந்தான். 1984-ல் முத்து காமிக்ஸ் நடத்தியவரின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸ் ஆரம்பித்தார். அடுத்த வருஷம் அதில் டெக்ஸ் வில்லர் வந்தார். எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டார். இத்தாலியில் 1948-ல் போனெல்லி எழுதி, கலெப்பினி வரைந்து உண்டாக்கிய ஆள். டெக்ஸாஸ் ரேஞ்சர். கூடவே கிட் கார்ஸன் என்று நரைத்த தாடிக்கார நண்பர், சதா புலம்பிக்கொண்டே சண்டை போடுவார். செவ்விந்தியர்கள் டெக்ஸை 'இரவுக் கழுகார்' என்பார்கள். தமிழில் அந்த 'ஆர்' சேர்த்துக் கூப்பிட்டார்களே, அதில்தான் அவர் நம்ம ஊர்க்காரர் ஆகிவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

மூத்தவனுக்கு அது தீராத பைத்தியம். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் புத்தகம் வந்து தொங்குகிற நாள் அவனுக்குத் தெரியும். பலகாரம் வாங்கிக்கொள்ளக் கொடுத்த காசு, மாமா கொடுத்த காசு எல்லாம் அங்கேதான் போகும். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. புத்தகங்களை நம்பர் வாரியாக அடுக்கி, பூச்சி வராமலிருக்க வேப்பிலை போட்டு வைத்திருந்தான். பாடப் புத்தகத்துக்கு அட்டை போடு என்று நான் கத்தினால் காதில் விழாது!

1988-ல் ஏழாம் வகுப்பு. அரைப் பரீட்சையில் கணக்கில் 31 மார்க். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. நாள் முழுக்க வீட்டில் இருக்கிறவள் நான்தானே? மறுநாள் அவன் பள்ளிக்கூடம் போனதும் தகரப் பெட்டியை இழுத்தேன். பழைய பேப்பர்க்காரன் தராசில் வைத்தான். ஏழு கிலோ சொச்சம். கையில் வந்த காசுக்கு ஒரு எவர்சில்வர் கரண்டி வாங்கினேன்.

சாயங்காலம் வந்தான். பெட்டியைத் திறந்தான். மூடினான். அழுவான், கத்துவான், நாலு வார்த்தை திருப்பிப் பேசுவான் என்று எதிர்பார்த்துப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. "காப்பி வேணுமாய்யா?" என்றால் "வேணாம்மா" என்றான். பத்து நாளைக்கு 'ம்', 'வேணாம்', 'சரி'. இந்த மூன்றையும் தவிர வேறு பேச்சில்லை. சாப்பிட்டான், படித்தான், படுத்தான். நான் கேட்ட பிள்ளை கிடைத்துவிட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அந்தப் பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, அம்மாவைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மாச்சிக்குப் பால்கோவா, இவனுக்கு வறுத்த கடலை. பொட்டலத்தை வாங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். சுருட்டிய காகிதத்தில் தொப்பி போட்ட ஒரு முகம். அவனுடைய புத்தகமேதானா, வேறு யார் வீட்டுப் புத்தகமோ, யார் கண்டார்கள்? கடலையை என் உள்ளங்கையில் கொட்டினான். காகிதத்தைப் பிரித்து, தொடைமேல் வைத்து நீவி, நாலாக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டான். கை நிறையக் கடலையோடு நான் நடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

நடந்ததைக் கேட்ட அம்மா வெற்றிலையை மடித்தபடியே சொன்னாள்: "நீ எட்டாங்கிளாசுல சேர்த்து வச்சிருந்த சினிமாப் பாட்டுப் புத்தகத்தை நான் எரிச்சேனாடி? ஏணி போட்டுப் பரண்ல பாரு." பார்த்தேன். மஞ்சள் பையில் கட்டி அப்படியே இருந்தது.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய புது லயன் காமிக்ஸை வாங்கி நீட்டினேன். "பரவாயில்லம்மா, நீங்களே வச்சுக்கோங்க" என்றான். கோபமில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் சுருக்கென்று தைத்தது.

சரி, வைத்துக்கொண்டேன். மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு, யாரும் இல்லாத நேரத்தில் படித்தேன். என்ன எழவு இருக்கிறது இதில் என்று பார்க்கத்தான் எடுத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எதை எரித்தார்கள், யாரைச் சுட்டார்கள் என்பதைவிட, நாவஹோ என்கிற செவ்விந்திய மக்களுக்காக இந்த வெள்ளைக்காரர் தன் இனத்து ஆட்களையே எதிர்த்து நிற்பது எனக்குப் பிடித்தது. பழைய ஹாலிவுட் குதிரைப் படங்கள் பலவற்றில் செவ்விந்தியர் என்றாலே கோடாலி தூக்கிக் கத்துகிறவர்கள்தான். சொந்த நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் கத்தாமல் என்ன செய்வார்கள்?

டெக்ஸ் மனைவியின் கதையை மூத்தவன்தான் பின்னாளில் சொன்னான். லிலித் என்று நாவஹோப் பெண். கெட்ட வியாபாரிகள் பெரியம்மைக் கிருமி ஏறிய போர்வைகளை அந்த ஜனங்களுக்கு விற்றுவிட, அவள் அந்த நோயில் இறந்துபோகிறாள். மகன் கிட்டைத் தாயில்லாமல் டெக்ஸ் வளர்க்கிறார். என் அம்மாவின் முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு. அந்த வியாதியை உலகத்திலிருந்தே ஒழித்தாயிற்று என்று 1980-ல் அறிவித்தார்கள். அம்மை குத்திய வடு இன்னும் என் கையில் இருக்கிறது. மூத்தவன் அதைச் சொன்ன அன்று, குதிரைமேல் போகிற அந்த மனுஷரை எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

எங்களுக்குள் பேச்சு எப்படித் திரும்பியது என்கிறீர்களா? ஒரு நாள் சோறு போடும்போது, "அந்தக் கார்ஸன் ஏன்யா எப்பப் பார்த்தாலும் புலம்பிக்கிட்டே இருக்காரு? நம்ம பெரிய மாமா மாதிரி!" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். "படிச்சீங்களா?" அவ்வளவுதான். தட்டில் கை காய்கிற வரைக்கும் பேசினான். அடுத்த பரீட்சையில் கணக்கில் 38. பெரிய முன்னேற்றம் ஒன்றுமில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு லக்கி லூக் வந்தார். சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். பெல்ஜியத்துக்காரர் மோரிஸ் 1946-ல் படைத்த ஒல்லிக்குச்சி கௌபாய். முன்பெல்லாம் வாயில் எப்போதும் சிகரெட் புகையும். 1983-ல் மோரிஸ் அதை எடுத்துவிட்டு ஒரு புல் துரும்பை வைத்தார். 1988-ல் உலக சுகாதார நிறுவனமே அவரைப் பாராட்டியது. மூத்தவன் இதை எங்கோ படித்துவிட்டு, அப்பாவின் சட்டைப் பையில் சிகரெட் பெட்டியை எடுத்துவிட்டு அருகம்புல்லைச் செருகி வைத்தான். அவர் சிரித்தார். விட்டாரா? இல்லை. அதற்கப்புறம் எட்டு வருஷம் கழித்து, டாக்டர் அதட்டின பிறகுதான் விட்டார்.

கைக்குழந்தையோடு இதைப் படிக்கும் தாய்மார்கள் கேட்கலாம், அப்படியானால் பிள்ளைகளுக்கு இவற்றைக் கொடுக்கலாமா என்று. லக்கி லூக்கை ஏழெட்டு வயசுக்கே கொடுங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள். டெக்ஸ் கதையில் சுடுவதும் சாவதும் உண்டு, பத்து பன்னிரண்டு வயசாகட்டும். எழுத்து பொடி. ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் உட்கார வையுங்கள், படுத்துக்கொண்டு படிக்க விடாதீர்கள். புத்தகத்தை மூக்கில் ஒட்டினாற்போல் பிடித்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். பெண்பிள்ளைகளுக்கு என்று பார்த்தால் இந்தக் கதைகளில் சொல்லிக்கொள்ளும்படி பெண்களே குறைவு. லக்கி லூக் கதைகளில் கலாமிட்டி ஜேன் என்று ஒருத்தி வருவாள், சாட்டையும் துப்பாக்கியுமாக, நிஜமாக வாழ்ந்தவள். அவள் ஒருத்தி போதாது.

லயன் காமிக்ஸ் நடுவில் சில வருஷம் தட்டுத் தடுமாறி, 2012-ல் புது வேகத்தோடு மறுபடி வந்தது. மூத்தவனுக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிற வயசு. கோயம்புத்தூரில் வேலை. விட்டுப்போன பழைய நம்பர்களைத் தேடி, ஏழு கிலோவுக்கு நான் வாங்கிய காசைப்போல் பல மடங்கு ஒரே புத்தகத்துக்குக் கொடுக்கிறான். என் முன்னால் விலையைச் சொல்வதில்லை. மருமகள்தான் சொன்னாள்.

இந்த லீவில், பேரன் அப்பாவின் பழைய சாமான்களைக் குடைந்து ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து வந்தான். உள்ளே அந்தக் காகிதம். எண்ணெய்க் கறை பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து. ஆற்றங்கரையில் கைகள் கட்டப்பட்டு நிற்கிறார் டெக்ஸ். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டு, "அப்பத்தா, இதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்றான்.

"எனக்குத் தெரியாதுய்யா. அப்பாகிட்டக் கேளு."

கூடத்தில் உட்கார்ந்து மகன் சொல்ல ஆரம்பித்தான், எந்தப் பக்கத்தில் என்ன படம் என்றுகூட ஞாபகமாக. கார்ஸன் வழக்கம்போல் தாமதமாக வந்து, வந்ததும் புலம்புகிறார். பேரன் வாயைத் திறந்துகொண்டு கேட்கிறான். அந்தச் சமயம் பார்த்து மருமகள் ரெண்டு இட்லியை உள்ளே தள்ளிவிட்டாள். நான் அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து முழுசாகக் கேட்டேன். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.