கைப்பிடிக் கொடை

மக்கட்பண்புகளுள் ஈகை தலைசிறந்தது. தன்னிடம் உள்ளதைப் பிறரோடு பகிர்ந்து வாழும் மனத்தைப் போற்றாத சமயம் இல்லை. திருவள்ளுவர் ஒப்புரவறிதல், ஈகை என்னும் இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்து அமைத்தார். கொடுத்து மகிழும் இன்பத்தை அறியாமல் பொருளைக் காத்து வைத்துப் பின் இழந்து நிற்பவரைக் கண்டு அவர் வியக்கின்றார், இரங்குகின்றார். ஈதல் கடமை என்று கூறுவதோடு அமையாமல், அது இன்பம் என்றும் அவர் காட்டியது ஊன்றி நோக்கத்தக்கது.

இவ்வின்பம் எல்லார்க்கும் எட்டக்கூடியதாக இருந்தும் பலர் அதனை அடைவதில்லை. ஈகை செல்வர்க்கே உரியது என்னும் எண்ணமே அதற்குத் தடையாக நிற்கின்றது. வேலை கிடைத்தபின் கொடுக்கலாம் என்று மாணவன் எண்ணுகின்றான். வேலை கிடைத்தவன் வீடு கட்டியபின் கொடுக்கலாம் என்கின்றான். வீடு கட்டியவனோ மகள் திருமணம் முடியட்டும் என்கின்றான். இவ்வாறு நாள் தள்ளிப் போகுமேயன்றிக் கொடுக்கும் நாள் வருவதில்லை. சிறிதாக இருக்கும்போது கொடுத்துப் பழகாத கை, பெரிதாக வந்தபோது திடீரென்று திறந்துவிடாது. ஆதலால் ஈகை செல்வத்தைப் பொறுத்ததன்று, பழக்கத்தைப் பொறுத்தது. கிறித்தவ சமய வரலாற்றில் இவ்வுண்மையை விளக்கும் செய்திகள் பல உண்டு.

எருசலேம் நகரத்துத் திருக்கோயிலில் காணிக்கை செலுத்துவதற்கெனப் பெட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. ஒருநாள் இயேசுநாதர் அவற்றின் எதிரே அமர்ந்து மக்கள் காணிக்கை இடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வர் பலர் வந்து மிகுதியாக இட்டனர். ஏழைக் கைம்பெண் ஒருத்தி வந்து இரண்டு சிறு காசுகளை இட்டாள். அந்நாட்டில் வழங்கிய செப்புக்காசுகளுள் அவற்றினும் சிறியது இல்லை. இயேசுநாதர் தம் மாணாக்கரை அழைத்து, மற்ற எல்லாரையும்விட அவளே மிகுதியாகக் கொடுத்தாள் என்றார். மற்றவர் தமக்கு மிஞ்சியதிலிருந்து கொடுத்தனர். அவளோ தன் பிழைப்புக்கு வைத்திருந்ததையே கொடுத்தாள். கொடையை அளக்கும் கோல் இதனால் மாறிவிட்டது. பெட்டிக்குள் எவ்வளவு விழுந்தது என்பதன்று கணக்கு. கொடுத்தவரிடம் எவ்வளவு எஞ்சியது என்பதே கணக்கு.

இக்கோலைக் கையில் எடுத்து ஒரு மலைநாட்டு மக்கள் தம் வாழ்க்கையையே அளந்து பார்த்தனர். இந்தியாவின் வடகிழக்கு எல்லையில் உள்ள மிசோரம் முன்னாளில் லூசாய் மலைகள் என்று வழங்கியது. 1894ஆம் ஆண்டில் அங்குக் கிறித்தவத் தொண்டர் இருவர் சென்று மக்கள் மொழிக்கு எழுத்து வடிவம் அமைத்தனர். காடு திருத்தி நெல் விளைத்து வாழ்ந்த அம்மக்களிடம் அக்காலத்தில் பணப்புழக்கம் மிகக் குறைவு. திருச்சபைப் பணிக்குக் கொடுக்க வேண்டும் என்னும் விருப்பம் இருந்தது. கொடுக்கக் காசு இல்லை. ஆயினும் நாள்தோறும் அடுப்பில் அரிசி வெந்தது.

அதனையே அவர்கள் கொடைக்கு வழியாக்கினர். 1910ஆம் ஆண்டளவில் அங்குத் தோன்றிய வழக்கம் ‘பூஃபாய் தாம்’ எனப்படும். கைப்பிடி அரிசி என்பது அதன் பொருள். சமைப்பதற்கு அரிசியை அளந்து எடுத்த இல்லத்தரசி, அதிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனியே ஒரு கலத்தில் இடுகின்றாள். ஒவ்வொரு வேளை உணவு சமைக்கும்போதும் இவ்வாறு செய்கின்றாள். சேர்ந்த அரிசியைத் திருச்சபைப் பெண்கள் வீடுவீடாகச் சென்று பெற்று ஓரிடத்தில் குவிப்பர். அதனை விற்று வரும் பொருள் சமயப்பணிக்கும் பிறர்நலப் பணிக்கும் பயன்படுகின்றது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வழக்கம் அற்றுப்போகவில்லை. தொடக்கத்தில் சில ரூபாய்களே ஈட்டிய பிடியரிசி, இந்நாளில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயை ஈட்டுகின்றது.

பிடியரிசி தமிழ்நாட்டுக்கும் புதியதன்று. கோயிலுக்கும் அறச்சாலைக்கும் எனச் சமைக்குமுன் ஒருபிடி எடுத்து வைக்கும் வழக்கம் தமிழர் இல்லங்களிலும் உண்டு. அதன் நுட்பத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உண்டு மிஞ்சியதைக் கொடுப்பது வேறு. உண்ணுமுன் எடுத்து வைப்பது வேறு. மிஞ்சினால் கொடுப்போம் என்று இருப்பவர் வீட்டில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. முதலில் எடுத்து வைப்பவர் வீட்டிலோ அந்த ஒருபிடியால் யாரும் பட்டினி கிடந்ததில்லை. மேலும், இக்கொடையில் பெருமை பாராட்ட இடமில்லை. எல்லா வீட்டுப் பிடியும் ஒரே குவியலில் கலந்துவிடும். இது யாருடைய அரிசி என்று யாராலும் பிரித்துக் கூறவியலாது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்னும் பொருள்பட இயேசுநாதர் அறிவுறுத்தியது இங்கு ஓசையின்றி நிறைவேறுகின்றது.

சிறுகொடைக்கு வயதும் தடையாகாது என்பதற்குக் கப்பல் ஒன்றின் கதை சான்றாகும். தென்கடல் தீவுகளில் பணிபுரிந்த ஜான் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலத் தொண்டர் 1839ஆம் ஆண்டில் எரமாங்கா என்னும் தீவில் கொல்லப்பட்டார். சிதறிக் கிடந்த அத்தீவுகளில் அவர் தொடங்கிய பணி தொடர வேண்டுமாயின் கப்பல் ஒன்று இன்றியமையாததாயிற்று. இலண்டன் மிஷனரிச் சங்கத்தார் இதற்கெனச் செல்வரை நாடவில்லை. ஞாயிறு பள்ளிச் சிறுவர் சிறுமியரை நாடினர். அவர்கள் பென்னி பென்னியாகச் சேர்த்த பணம் 6,000 பவுனுக்கு மேல் ஆயிற்று. ‘ஜான் வில்லியம்ஸ்’ என்னும் பெயர் தாங்கிய கப்பல் 1844ஆம் ஆண்டில் கடலில் செலுத்தப்பட்டது. இருபது ஆண்டுகள் உழைத்தபின் 1864ஆம் ஆண்டில் அது பவளப்பாறையில் மோதி உடைந்தது. சிறுவர்கள் மீண்டும் சேர்த்தனர். இரண்டாம் கப்பல் புறப்பட்டது. அதுவும் 1867ஆம் ஆண்டில் உடைந்தது. 1868ஆம் ஆண்டில் மூன்றாம் கப்பல் பாய் விரித்தது.

அமெரிக்க நாட்டுச் சிறுவரும் இவர்கட்குப் பின்வாங்கவில்லை. 1856ஆம் ஆண்டில் ‘விடிவெள்ளி’ என்னும் பொருளுடைய பெயர்பூண்ட கப்பல் ஒன்றைப் பத்துப் பத்துச் சென்ட் பங்குகள் வாங்கி அவர்கள் கட்டுவித்தனர். அச்சிறுவருள் பெரும்பாலோர் தென்கடலைக் கண்டவரல்லர். எனினும், அக்கப்பலின் ஒரு பலகையோ, ஓர் ஆணியோ, பாயின் ஒரு நூலோ தம்முடையது என்னும் உரிமை அவர்கட்கு இருந்தது. தின்பண்டத்துக்கு வைத்திருந்த காசு ஒரு நாழிகை இன்பத்தோடு முடிந்திருக்கும். கப்பலுக்குச் சென்ற காசோ அவர்களை உலகத்தின் மறுகோடியில் வாழ்ந்த மக்களோடு உறவுகொள்ளச் செய்தது. கொடுப்பவர்க்கு வாய்க்கும் இன்பத்தின் ஊற்று இதுவே. தான் தனியன் அல்லன், தன்னினும் பெரிய பணியொன்றில் தனக்கும் பங்குண்டு என்று அறியும்போது நெஞ்சில் ஒரு நிறைவு தோன்றுகின்றது. நோக்கம் இல்லாத வாழ்க்கைக்கு நோக்கம் தருவதும் அந்நிறைவே ஆகும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ஏழையின் காசை வாங்குவது முறையாகுமா? பிழைப்புக்கு வைத்திருந்ததையும் அவள் கொடுத்துவிட்டால் அவள் நிலை என்ன? இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. கைம்பெண்ணின் காசைப் புகழ்வதற்குச் சற்று முன்னர்த்தான், நெடிய வழிபாடு செய்வதுபோல் காட்டிக்கொண்டு கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரை இயேசுநாதர் கடுமையாகக் கண்டித்தார் என்பதை மறத்தலாகாது. ஆகவே, ஏழையின் கொடையைப் புகழ்பவர், அதனைப் பெறுவோரின் கடமையையும் சேர்த்தே கூறல் வேண்டும்.

அக்கடமையை உணர்ந்து நடந்தவர் ஜார்ஜ் முல்லர் என்பவர். 1805ஆம் ஆண்டில் பிரஷ்யாவில் பிறந்த அவர், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் 1836ஆம் ஆண்டில் அனாதைச் சிறுமியர்க்கு ஓர் இல்லம் தொடங்கினார். 1898ஆம் ஆண்டில் அவர் மறைவதற்குள் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவர்தம் இல்லங்களில் வளர்ந்தனர். அவர் எவரிடமும் சென்று பொருள் கேட்டதில்லை. தாமாக வந்ததையே ஏற்றார்.

தொடக்க காலத்தில் தையற்காரப் பெண் ஒருத்தி அவரிடம் 100 பவுன் கொண்டு வந்தாள். அவளுடைய வாரக்கூலி ஏறத்தாழ மூன்று ஷில்லிங், உடல்நலமும் குறைவு. முல்லர் அப்பணத்தை உடனே வாங்கிவிடவில்லை. ஆராயாமல் ஓர் உணர்ச்சி வேகத்தில் அவள் கொடுக்கின்றாளோ என அஞ்சி அவளோடு விரிவாக உரையாடினார். அப்போது உண்மை விளங்கிற்று. தந்தை இறந்தபின் அவளுக்கு 480 பவுன் பங்காகக் கிடைத்திருந்தது. தந்தை பட்ட கடனுக்கு உடன்பிறந்தார் ஒரு பகுதியே கொடுத்துத் தீர்த்திருந்தனர். எஞ்சியதை அவள் தனியே சென்று முழுவதும் கொடுத்தாள். பின்னர்த் தாய்க்கு 100 பவுன் தந்தாள். அதன்பின்னரே அனாதைக் குழந்தைகளை எண்ணினாள். அவள் நன்கு ஆராய்ந்தே கொடுக்கின்றாள் என்று தெளிந்த பின்னரே முல்லர் அதனை ஏற்றார். அப்பணமெல்லாம் தீர்ந்தபின் அவள் முன்போலவே ஊசியும் நூலும் கொண்டு உழைத்து வாழ்ந்தாள்.

இந்நிகழ்ச்சி இருவர்க்கும் பாடமாக அமைகின்றது. கடனை அடைக்காமலும் தாயைப் பேணாமலும் செய்யும் கொடை கொடையாகாது என்பதைக் கொடுப்போர் அறிதல் வேண்டும். வந்ததையெல்லாம் வாரிக்கொள்ளாமல், கொடுப்பவரின் நிலையை எண்ணித் தயங்கும் மனமும், வந்த காசுக்குக் கணக்குக் காட்டும் நேர்மையும் பெறுவோர்க்கு வேண்டும். முல்லர் ஆண்டறிக்கைகளில் பவுன்களோடு பென்னிகளையும் பதிந்து வெளியிட்டார். கொடுத்தவர் பெயரை மட்டும் வெளியிடவில்லை. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் பவுல் அடிகள் எருசலேம் ஏழையர்க்காகப் பொருள் திரட்டியபோதும் இந்நெறியே மேற்கொள்ளப்பட்டது. கிழமைதோறும் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்குமாறு அவர் கொரிந்து நகரத்தார்க்கு எழுதினார். திரட்டிய பொருளைத் தாமே தனியாக எடுத்துச் செல்லாமல், பழிக்கு இடமின்றி, சபையார் தேர்ந்தவரையும் உடன்கொண்டார். மனவருத்தத்தோடும் கட்டாயத்தினாலும் கொடுக்க வேண்டா என்றும் அவர் அறிவுறுத்தினார். மகிழ்ச்சி இல்லாத கொடை வரியாகிவிடும் அன்றோ?

சிறுகொடையால் நாட்டின் வறுமை தீர்ந்துவிடுமா என்று வினவுவோரும் உளர். ஒருபிடி அரிசியால் வறுமை தீராது. அதற்கு அரசின் திட்டமும் தொழில் வளமும் நேரிய சட்டமும் வேண்டும். ஆனால், அயலான் பசியைத் தன் பசியாக எண்ணாத மக்கள் நேரிய சட்டத்தை விரும்பவும் மாட்டார். அதற்கெனத் தம் நலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கவும் மாட்டார். அவ்வெண்ணத்தை வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது சிறுகொடை. தாய் நாள்தோறும் ஒருபிடி எடுத்து வைப்பதைக் கண்டு வளரும் குழந்தைக்கு, இச்சோறு முழுவதும் தன்னுடையதன்று என்னும் உணர்வு சோற்றோடு சோறாக ஊறிவிடுகின்றது.

மாணவர்க்கும் கொடுக்கத்தக்கவை பல உண்டு. மேல்வகுப்புக்குச் சென்றவர் தம் பழைய நூல்களைக் கிழியாமல் காத்துக் கீழ்வகுப்பினர்க்குத் தரலாம். கணக்கு விளங்காத தோழனுக்கு மாலையில் அரைமணி நேரம் ஒதுக்கலாம். கண் மங்கிய முதியவர்க்குக் கடிதம் படித்துக் காட்டலாம். கைச்செலவுக்குக் கிடைக்கும் காசில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைக்கலாம். இவற்றுள் எதற்கும் செல்வம் வேண்டுவதில்லை. செல்வம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. அரிசி அளக்கும் வேளையே ஒருபிடி எடுத்து வைக்கும் வேளை.