நலமும் வாழ்வும்: இன்னும் ஒரு மருந்து வேண்டுமா?



பெருங்குடலில் தோன்றிய புற்றுநோய் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவி, இருமுறை மாற்றிக் கொடுத்த மருந்துகளுக்கும் அடங்காதபோது, "அடுத்து என்ன?" என்ற கேள்வி குடும்பத்தை வாட்டுகிறது. இந்நிலையில் அளிக்கப்படும் மருந்துகள் பெரும்பாலும் நோயை வேரோடு களைவன அல்ல. அதன் வளர்ச்சியைச் சில காலம் தடுத்து வைப்பன.

எவ்வளவு காலம்? 2013-ல் வெளியான ஆய்வில், ரெகோராஃபெனிப் மாத்திரை உண்டோரின் இடைநிலை வாழ்நாள் 6.4 மாதம், மருந்தற்ற போலி மாத்திரை உண்டோருக்கு 5 மாதம். 2023-ல் வெளியான ஆய்வில், டிரைஃப்ளூரிடின்-டிபிராசில் மாத்திரையை மட்டும் உண்டோருக்கு 7.5 மாதம், அதனோடு பெவாசிசுமாப் மருந்தையும் ஊசிவழிப் பெற்றோருக்கு 10.8 மாதம். இடைநிலை என்பதன் பொருள், ஏறத்தாழப் பாதிப் பேர் இதற்கு மேலும் வாழ்ந்தனர் என்பதே. ஒருவருடைய நாட்களை இக்கணக்கால் அளந்துவிட இயலாது.

இப்பயனுக்கு விலையும் உண்டு. முதல் மருந்தினால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரியலாம், களைப்பு மிகலாம். இரண்டாவதனால் இரத்த வெள்ளணுக்கள் குறையலாம். காய்ச்சல் கண்டால் தாமதமின்றி மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அளவைக் குறைப்பதும் சில நாட்கள் நிறுத்தி வைப்பதும் மருத்துவர் கையிலுள்ள வழிகளே. ஆகையால் துன்பத்தை மறைக்காமல் அவரிடம் கூறுங்கள்.

நம் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று பிள்ளைகள் மருத்துவரிடம் தனியே பேசுவர். அப்பாவோ யாவும் அறிந்திருந்தும், பிள்ளைகள் வருந்துவரே என்று வாய் திறவார். இவ்வாறு, மருந்தை உண்ண வேண்டியவரைக் கேளாமலே முடிவு செய்யப்படுகிறது. அவர் விரும்புவது இன்னும் சில வாரங்களா, வலியின்றி உறங்கும் இரவுகளா, பேத்தியின் புதுநன்மை விழாவா? அவரன்றி யார் அறிவார்?

வலியையும் வாந்தியையும் மலச்சிக்கலையும் தணிக்கும் மருத்துவம் கைவிடப்பட்டோர்க்கு மட்டும் உரியதன்று. புற்றுநோய் மருந்து தொடரும்போதே அதனைத் தொடங்கலாம்.

மரணம் நெருங்கிய வேளையில், பெருஞ்சுமையாகும் சிகிச்சையை நோயாளி மறுக்கலாம். வழக்கமான பராமரிப்பு மட்டும் நிறுத்தப்படலாகாது என்று திருச்சபை 1980-ல் தெளிவுபடுத்தியுள்ளது. எனவே, "போதும்" என்று அவர் கூறினால், அதைப் பாவமென்றோ கோழைத்தனமென்றோ எண்ண வேண்டாம். "இன்னும் முயல்வேன்" என்றால், அதற்கும் துணை நில்லுங்கள்.

இன்று மாலையே அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள்.