கேட்கும் செவியே குழந்தைக்குக் காவல்



ஐப்பசித் திங்கள் கார்த்திகை நாளில் நாம் இடங்கழி நாயனாரின் குருபூசையைக் கொண்டாடுகிறோம். அறுபத்து மூவருள் ஒருவரான அப்பெருமான், கோனாட்டுக் கொடும்பாளூரில் அரசு புரிந்தவர். விராலிமலைக்கு அருகேயுள்ள அவ்வூருக்குச் செல்வோர், பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலைக் கண்டு வியப்பர். அங்கே மூன்று விமானங்களுள் இரண்டே இன்று எஞ்சி நிற்கின்றன. ஆனால், இடங்கழியார் ஓர் இரவில் செய்த செயல் கல்லினும் உறுதியாக நிலைத்திருக்கிறது.

நாள்தோறும் அடியவர்க்கு அமுது படைத்து வந்த ஒருவருக்கு ஒரு நாள் நெல் கிட்டவில்லை. வேறு வழியறியாது, நள்ளிரவில் அரசரின் நெற்கூட்டில் புகுந்து நெல்லை எடுத்தார். காவலர் அவரைப் பிடித்து மன்னர்முன் நிறுத்தினர். மன்னரோ தண்டனை விதிக்கும் முன், ஏன் எடுத்தீர் என்று வினவினார். அவர் சொன்ன விடையைக் கேட்டு உருகி, அவரை விடுவித்ததோடு, தம் பண்டாரத்தையே அடியவர்க்குத் திறந்துவிட்டார். இவ்வாறு சேக்கிழார் பெருமான் நமக்கு உணர்த்தியருளுகிறார்.

பிடிபட்டவரிடமே பொறுமையுடன் காரணம் கேட்ட மரபு நம்முடையது. அவ்வாறிருக்க, ஒரு பாவமும் அறியாத குழந்தை, தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்ல வாயெடுக்கும்போது நாம் செவி கொடுக்கிறோமா? குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமையைப் பற்றியே இவ்வாரம் சொல்ல விழைகிறோம். பேசக் கூசும் பொருள்தான். ஆயினும், நம் கூச்சமே கொடியவர்க்குத் திரையாகிவிடுவதால் பேசியாக வேண்டும்.

இது எங்கோ நிகழ்வதன்று. மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகையில் இக்கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தனர். தீங்கு செய்தோருள் பலர் குழந்தை அறிந்தவர்களே. பெரும்பாலான குழந்தைகள் அதனை எவரிடமும் சொல்லவில்லை.

2018-ஆம் ஆண்டு சென்னை அயனாவரத்தில் வெளிவந்த வழக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்த, செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமி பல மாதங்கள் துன்புறுத்தப்பட்டாள். கைது செய்யப்பட்டோர் வெளியூரார் அல்லர். அக்குடியிருப்பில் நாள்தோறும் பணி செய்தவர்களே. அறுபது வயதைக் கடந்தவரும் அவர்களுள் இருந்தார். 2020 பிப்ரவரியில் சென்னை போக்சோ நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அச்சிறுமி தன் அக்காளிடம் மனம் திறந்தாள், அக்காள் செவிமடுத்தாள், அதனாலன்றோ உண்மை வெளிப்பட்டது! நகரத்துத் தீமை என்று இதனை ஒதுக்கவும் இயலாது. அதே 2020-ஆம் ஆண்டில், நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஏம்பலில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இக்கொடுமைக்குப் பலியானாள்.

குழந்தை ஏன் உடனே சொல்வதில்லை? அச்சுறுத்தப்பட்டிருக்கலாம். தன்மீதே தவறு என்று எண்ணியிருக்கலாம். தீங்கு செய்தவர்மீது அன்பும் இருக்கலாம். பேரச்சம் சூழும்போது உடல் மரத்து, வாய் அடைத்துப் போவதும் உண்டு. ஆகவே, ஏன் கூச்சலிடவில்லை, ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பது அறியாமை.

வாய் சொல்லாததை நடத்தை சொல்லக்கூடும். படுக்கையை நனைக்காத குழந்தை மீண்டும் நனைத்தல், உறக்கத்தில் அலறுதல், காரணமில்லா வயிற்றுவலி, படிப்பில் திடீர்ச் சரிவு, ஒருவர் வீட்டுக்குப் போக மறுத்தல், வயதுக்கு மீறிய சொல்லும் செயலும், எவர் கொடுத்தது என்று சொல்லாத பரிசுப்பொருள், உட்காரவோ சிறுநீர் கழிக்கவோ வலி ஆகியவை கவனத்துக்குரியவை. இவற்றுள் ஒன்றைக் கொண்டே முடிவு கட்டலாகாது. வேறு காரணமும் இருக்கலாம். எந்த அறிகுறியுமே காட்டாத குழந்தைகளும் உண்டு. ஆனால், திடீர் மாற்றம் கண்டால் கனிவுடன் விசாரிக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று கொள்க.

இரவில் அலறும் குழந்தையைப் பயந்த கோளாறு என்று கருதி, கோயிலுக்கு அழைத்துச் சென்று திருநீறு இடுவது நம் வழக்கம். இடுங்கள், இறைவன் திருவருள் துணை நிற்கும். அதனோடு, மடியில் அமர்த்தி, "என்ன கண்ணு, எதை நினைத்துப் பயப்படுகிறாய்?" என்றும் கேளுங்கள். பெற்றோர் பணிக்குச் சென்ற பின், குழந்தையோடு பொழுதைக் கழிப்போர் தாத்தாவும் பாட்டியுமே. அந்த நேரமே நம் கைப்பொருள்.

குழந்தை சொல்லத் தொடங்கினால் அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள். இடைமறித்து, விடையை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. உன்மேல் தவறில்லை. நான் உன்னை நம்புகிறேன்" என்ற மூன்று சொற்றொடர்கள் போதும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்களிக்காதீர்கள். அவ்வாக்கைக் காக்க இயலாது. தீங்கு செய்தவர் உறவினர் என்பதற்காகவோ, வயதிலும் பக்தியிலும் மூத்தவர் என்பதற்காகவோ மூடி மறைக்காதீர்கள். திருநீறும் காவியும் எவரையும் விசாரணைக்கு அப்பாற்பட்டவர் ஆக்குவதில்லை.

அடுத்து, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ காவல் துறையையோ அணுகுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நிகழ்ந்தது என அறிந்தவர் தெரிவிப்பது கடமை, மறைப்பது தண்டனைக்குரியது. குழந்தை காவல் நிலையப் படி ஏறவேண்டியதில்லை. வீட்டுக்கே வந்து, சீருடையின்றி வாக்குமூலம் பெற வேண்டும் என்கிறது சட்டம். பெயரையும் முகவரியையும் செய்தித்தாள்கள் வெளியிடலாகாது. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும்.

இப்புண் ஆறாது போனால், வளர்ந்த பின்னும் மனச்சோர்வாகவும், எவரையும் நம்ப இயலாத தனிமையாகவும், தன்னைத் தானே வெறுக்கும் நோயாகவும் தொடரக்கூடும். ஆனால், அதுவே விதி அன்று. சொன்ன சொல் நம்பப்பட்டு, பாதுகாப்பும் தக்க மருத்துவமும் பெற்ற குழந்தை தேறி வரும்.

இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. விருந்தினர் வரும்போது, "மாமாவுக்கு முத்தம் கொடு, மடியில் உட்கார்" என்று குழந்தையை வற்புறுத்துவதை விடுவோம். கைகூப்பி வணங்கக் கற்பிப்போம். அதுவே போதிய மரியாதை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை தன் உடலுக்கு உண்டு என்பதைக் குழந்தை நம் வீட்டில்தான் முதலில் கற்க வேண்டும். குடும்ப மானம் குழந்தையின் மௌனத்தில் இல்லை. குழந்தையைக் காப்பதில் இருக்கிறது.