முன்ஜாமீன் யாருக்குக் கேடயம்?

அரிவாள் வெட்டுப்பட்டவர் அரசு மருத்துவமனையில் கிடக்கும்போதே, தேடப்படுபவரின் முன்ஜாமீன் மனு நீதிமன்றப் பட்டியலில் ஏறிவிடுகிறது. பொய் வழக்கில் சிக்கவைக்கப்படுவோரைக் காக்கவே இந்த ஏற்பாடு. அந்த உரிமையை 1980-இல் சிப்பியா வழக்கிலும், 2020-இல் சுசீலா அகர்வால் வழக்கிலும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகள் உறுதிசெய்தன. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது.

ஆனால், குற்றத்தின் கடுமையையும் சாட்சிகள் மிரட்டப்படும் வாய்ப்பையும் எடைபோட வேண்டும் என்பதும் அதே தீர்ப்புகளின் பாடம்தான். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான தாக்குதல்களில், முகாந்திரம் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு முன்ஜாமீனுக்கே தடை போடுகிறது.

காயச் சான்றிதழையும் பழைய வழக்குகளின் விவரத்தையும் காவல் துறை முதல் விசாரணையிலேயே தாக்கல் செய்யட்டும். அடிபட்டவர் தரப்பையும் கேட்டபின் உத்தரவு பிறக்கட்டும்.