உலோகம் ஒளியை மறைக்குமா?

உலோகம் என்றால் வெளிச்சத்தை மறைக்கும். கண்ணாடி என்றால் மின்சாரத்தை விடாது. இதுதான் நாம் சிறுவயது முதல் கற்ற பாடம். சூரிய மின்கலத்திற்கோ, வெளிச்சத்தை உள்ளே விட்டு மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் ஒரு முகம் வேண்டியிருக்கின்றது. இவ்விரண்டு வேலைக்கும் இண்டியம்-வெள்ளீய ஆக்சைடை விட்டால் வேறு கதியில்லை என்பதாகவே வெகுகாலம் வழங்கி வந்தது.

அந்த இண்டியத்தின் யோக்கியதை என்ன? 1863-ல் ஜெர்மனியில் ரைக், ரிக்டர் என்னும் இருவர் கண்ட அவ்வுலோகம் பெரும்பாலும் துத்தநாகம் சுத்தி செய்யும்போது உடன் கிடைப்பது. நமக்கு வேண்டுமென்பதற்காக அதிகம் தோண்டிவிட முடியாது. கைபேசித் திரையும் தொலைக்காட்சித் திரையும் அதற்கே போட்டியிடுகின்றன. போதாக்குறைக்கு அப்படலம் வளைத்தால் விரிசல் விடும். கரிம மின்கலத்தின் பெருமையே வளைவதும் மலிவாக அச்சிடப்படுவதும்தானே? அதற்கு வளையாத, விலையுயர்ந்த மூடி போடுவதில் என்ன புத்தி இருக்கின்றது?

வெள்ளியைச் சுமார் 10 நானோமீட்டர் கனத்திற்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறாக்கியதில் ஒரு கூறு அளவிற்கு மெலிதாக்கினால், வெளிச்சம் ஊடுருவுகின்றது; மின்சாரமும் ஓடுகின்றது. இன்னும் மெலிந்தால் வெள்ளி துளித்துளியாய்த் திரண்டு தனித்து நிற்கும், ஓட்டம் அறும். வேறு பொருளை அடியில் பூசி அதையும் சமாளிக்கிறார்கள்.

ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளை வழியே வெளிச்சம் மிகச் சொற்பமே செல்லும் என்று 1944-ல் பெத்தே கணக்கிட்டார். ஆனால் 1998-ல் எப்பெசன் குழுவார் வெள்ளிப் படலத்தில் துளைகளை வரிசையாக இட்டபோது, சில நிறங்களில் துளைகளின் பரப்பில் விழுந்ததைவிட அதிக வெளிச்சம் வெளிவந்தது. தனித் துளைக்குச் சொன்ன கணக்கு சேர்ந்து நின்ற துளைகளுக்குப் பொருந்தவில்லை. உலோகப் பரப்பிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்தசைந்து அதைக் கடத்துகின்றன.

இதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. சூரிய ஒளியில் சில நிறம் மட்டும் புகுந்தால் போதாது. வெள்ளி காற்றில் கறுக்கும், விலையும் அற்பமல்ல. 1986-ல் டாங் செய்த கரிம மின்கலம் சுமார் 1 சதவிகிதமே தந்தது. இன்று ஆய்வுக்கூடத்தில் 19 சதவிகிதத்தையும் தாண்டிவிட்டது. ஆனால் முதல் நாள் அளவைப் பார்த்து மயங்குவது அறிவாகாது. வெயிலில் எத்தனை வருஷம் நிற்கும், ஒரு சதுர மீட்டருக்கு என்ன செலவு என்பவற்றையும் கூடவே சொல்லட்டும்.

இண்டியமானாலும் வெள்ளியானாலும் நமக்குப் பந்துத்துவம் இல்லை. வழக்கம் ஒருபோதும் ஆதாரமாகாது. அளந்து பார்த்ததே ஆதாரம்.