மூன்று ஊர் சேர்ந்த அணி

அயர்லாந்தின் கில்கென்னி கவுண்டியில் பாலிஹேல் என்றொரு சிற்றூர். மட்டையும் பந்துமாக ஆடும் ஹர்லிங்கில், அகில அயர்லாந்து கிளப் பட்டத்தை இந்த ஊர் அணி ஒன்பது முறை வென்றிருக்கிறது. பெருநகர அணிகள்கூட நெருங்காத கணக்கு அது.

இந்தப் பெருமை தனி ஊருக்குரியதல்ல. பாலிஹேல், நாக்டோஃபர், நாக்மோய்லன் என்ற பக்கத்து ஊர்களின் அணிகள் 1972இல் ஒன்றாகிப் பிறந்ததுதான் 'பாலிஹேல் ஷாம்ராக்ஸ்'. தலைமுறைகளாக எதிரெதிரே நின்றவர்கள் ஒரே சட்டையை அணிவது எளிதா என்ன! ஆனாலும் அணிந்தார்கள். 1981இல் முதல் அகில அயர்லாந்துப் பட்டம் வந்தது. அந்த அணியில் ஃபெனலி குடும்பத்து அண்ணன் தம்பிகள் மட்டும் ஏழு பேர்.

ஹர்லிங் ஆடுவோர் யாருக்கும் சம்பளம் கிடையாது. 1884இல் தர்லஸ் நகரில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் விதி அது. கில்கென்னி கவுண்டி அணிக்காகப் பத்து அகில அயர்லாந்துப் பதக்கங்கள் வென்ற ஹென்றி ஷெஃப்ளினும் இந்த ஊர்க் களத்தில் கூலி வாங்காமல் ஆடியவர்தான்.

ஆட்டம் சம்பளம் தராததால், இளைஞர்கள் பிழைப்பு தேடி டப்ளினுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, பல கிராம அணிகள் இன்று பதினைந்து பேரைத் திரட்டவே திணறுகின்றன. ஆட்கள் தீரும்வரை காத்திராமல், பழைய பகையை விட்டு அவை பக்கத்து ஊரோடு இப்போதே கைகோக்க வேண்டும்.